வளவில் சுவர் எழுப்பாமல்: செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றுவது எப்படி?

பூர்வீக வீட்டைப் பிரித்துக்கொள்வதென்று பங்காளிகள் முடிவெடுத்தவுடன் கொத்தனாரைக் கூப்பிட்டு விலை கேட்பதுதான் வழக்கமாக நடக்கிறது. கொத்தனாருக்கு முன்னால் கூப்பிட வேண்டியவர், அந்த வீட்டிலேயே இருந்து பழகிய ஓர் ஆச்சி. எந்த உள்வீடு (வளவு முற்றத்தைச் சுற்றியுள்ள அறை) எந்தப் புள்ளிக்கு (தம்பதிக் குடும்பத்துக்கு) விடப்பட்டிருந்தது, அதற்குப் பின்னால் சமையலுக்கான இரண்டாம் கட்டில் எந்த அடுப்பு யாருடையது, ஐப்பசி மழையில் எந்த மூலையில் அண்டா வைத்தார்கள், எந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட பிறகு அளவு நாடாவை எடுத்தால், பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. செட்டிநாட்டு வீடு கட்டப்பட்ட நாளிலேயே பல குடித்தனங்களுக்கான வீடாகத்தான் கட்டப்பட்டது. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். தம்பதிக்கு வளவைச் சுற்றியுள்ள உள்வீடுகளில் ஒன்று, சமைத்துக்கொள்ளத் தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று நெல்லும் செலவுக்கும் ஓர் ஏற்பாடு. இவ்வளவும் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு வீட்டில் ஏழெட்டு அடுப்புகள் தனித்தனியே எரிந்ததும், முகப்பும் வளவும் கிணறும் சாமி வீடும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள். ஆகவே இன்று நாம் செய்ய வேண்டியது புதிதாக ஒரு பிரிவினையைக் கண்டுபிடிப்பது அல்ல. முன்பே இருந்த பிரிவினை எந்தக் கோட்டில் ஓடியது என்று பார்த்து, அதற்குத் தண்ணீர், கழிவறை, மின்சாரம், பத்திரம் ஆகிய நான்கையும் சேர்ப்பதுதான்.

வீட்டை முதலில் படிப்பது

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் 70-க்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களில் உள்ள பெரிய வீடுகளில் பெரும்பாலானவை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் தொழிலில் ஈட்டிய பணத்தில் எழும்பியவை. அமைப்பு ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: தெருவைப் பார்த்த திண்ணையும் முகப்பும்; அதைத் தாண்டி, திறந்த முற்றத்தைச் சுற்றிப் பட்டாலை என்னும் தாழ்வாரமும் உள்வீடுகளும் கொண்ட வளவு; அதற்குப் பின்னால் சாப்பாட்டுக்கும் சமையலுக்குமான இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு; கடைசியில் கிணற்றடியும் தோட்டமும். நிலைவாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண் போகும். இவற்றுள் பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன என்பதை மறக்க வேண்டாம். வீட்டைப் பிரிப்பவருக்கு அந்தப் பின்தெரு வாசலைப் போல உதவக்கூடியது வேறெதுவும் இல்லை.

வரைபடம் எடுக்கும்போது மூன்று தாள்கள் தேவை. முதல் தாளில் சுவர், தூண், கதவு ஆகியவற்றின் அளவுகள். இரண்டாம் தாளில் ஆச்சி சொன்ன பழைய குடித்தனக் கணக்கு. மூன்றாம் தாளில் தண்ணீர் போகும் வழி: எந்தக் கூரைச் சரிவின் நீர் எந்த முற்றத்தில் விழுகிறது, முற்றத்தின் எந்த மூலையிலுள்ள துவாரம் வழியாக வெளியேறுகிறது, அங்கிருந்து எந்தக் கட்டின் தரைக்கு அடியில் ஓடி எங்கே சேருகிறது. இந்த மூன்றாவது தாளை யாரும் வரைவதில்லை. பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி அதனால்தான் வருகிறது. வளவு முற்றத்துத் துவாரத்தில் இரண்டு குடம் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி எங்கே மஞ்சள் தெரிகிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். அரைமணி நேரத்தில் வழி தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள். அதைத் திறக்காமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது.

சுவர் எழுப்பினால் என்ன ஆகும்

இரண்டு பங்காளிகள், நடுவே ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு சுவர் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. காரைக்குடிப் பக்கத்து ஊரொன்றில் அப்படிப் பிரிக்கப்பட்ட வீட்டைச் சரிசெய்து தரும்படி என்னை அழைத்தார்கள். வளவின் நடுவே முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்று ஓடியது. முற்றத்தின் ஓரத்திலிருந்த தேக்குத் தூண் ஒன்று பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகச் சிமெண்டுக்குள் நின்றது. அதன் உச்சியிலிருந்த போதிகையில் செதுக்கியிருந்த கிளிக்கு இந்தப் பக்கம் வால் மட்டும் இருந்தது. முற்றத்து நீர் வெளியேறும் ஒரே துவாரம் வடக்குப் பங்கில் இருந்ததால், தெற்குப் பங்கின் முற்றம் மழைக்காலம் முழுவதும் குளமாக நின்றது. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறி, உள்வீட்டுச் சுவர்களின் பழைய பூச்சு செதில் செதிலாகக் கையோடு வந்தது. வடக்குப் பங்கில் இருந்தவர்களுக்கோ காற்று நின்றுபோய்விட்டது. இரு தரப்பும் சேர்ந்து பணம் செலவழித்து இரு தரப்புக்கும் கெடுதல் செய்துகொண்ட வேலை அது. அந்த வீட்டு ஆச்சி சுருக்கமாகச் சொன்னார்: "வளவுல சுவர் வச்சுட்டாகப்பா. இனிமே பந்தி எங்க போடுறது?"

எடையையும் கணக்கிட்டுப் பாருங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவரைப் 12 அடி உயரத்துக்கு எழுப்பி இரு பக்கமும் பூசினால், ஒவ்வோர் ஓட்ட அடிக்கும் கால் டன்னுக்கு மேல் கனம் வரும். அதைத் தாங்குவதற்கு வளவுத் தரையின் கீழ் அடித்தளம் கிடையாது. பதித்த கல்லும் சுண்ணாம்பும் மண்ணும்தான் உண்டு. சுவர் இறங்கும், இறங்கும்போது பக்கத்துக் கல்லையும் தூணையும் இழுக்கும். காற்றோட்டமும் கெடும்: சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகப்போக, தாழ்வான பக்கவாசல்களும் பின்கட்டும் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கின்றன, மே மாதத்தில்கூடப் பட்டாலையில் படுத்துறங்க முடிவது அதனால்தான். சுவர் இந்த ஓட்டத்தை அறுக்கிறது. முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போடுவதும் இதே தவறுதான். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் இரும்புக் கம்பி வலை போதும்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் அங்கத்துப் பெரிய நாட்டுப்புற மாளிகைகளுக்கு வந்தபோது, கிட் மார்ட்டின் என்பவர் 1970-களிலிருந்து நார்ஃபோக்கின் கன்ட்டன் மாளிகை உட்படப் பலவற்றைத் தனி வீடுகளாக மாற்றிக் காட்டினார். முக்கியமான பெரிய கூடங்களைக் குறுக்கே வெட்டுவதில்லை என்பதும், ஒவ்வொரு குடியிருப்பையும் தரையிலிருந்து கூரை வரை செங்குத்தான துண்டாக எடுத்துத் தனி வாசல் கொடுப்பது என்பதும் அவர் வழி. நம் வீடுகள் உயரத்தில் வளர்ந்தவை அல்ல, நீளத்தில் வளர்ந்தவை. ஆகவே இரண்டாவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதலாவது நமக்கும் பொருந்தும். அங்கே அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் உள்ளே ஒரு கதவை எடுப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். இங்கே, செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்திருந்தாலும், அதனால் மட்டும் உங்கள் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. காவல் பங்காளிகள் கையில்தான் இருக்கிறது.

யாருக்கு எந்தப் பகுதி

சதுர அடியைச் சமமாக வகுத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உள்வீட்டுக்குள் ஓர் இரவு படுத்துப் பார்க்கட்டும். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அந்த அறைகள் சீர் சாமான்களும் பித்தளைப் பாத்திரங்களும் நகையும் வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. பலவற்றில் சன்னல் சிறியது, சிலவற்றில் இல்லவே இல்லை. மக்கள் புழங்கியது பட்டாலையிலும் கட்டுகளிலும்தான். எனவே ஓர் உள்வீட்டை மட்டும் கொடுத்து இது உன் வீடு என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் ஆண்டில் எத்தனை நாள் இங்கே இருப்பார்கள் என்பதுதான் பிரிவினையின் முதல் கேள்வி.

எடுத்துக்காட்டாக, 60 அடி அகலமும் 190 அடி நீளமும் கொண்டு, வளவின் வடக்கே நான்கும் தெற்கே நான்குமாக எட்டு உள்வீடுகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தெற்குப் பக்கத்தில் ஒரு சந்து ஓடுகிறது. பின்தெருவில் வாசல் இருக்கிறது. பங்கு நான்கு. ஊரிலேயே நிரந்தரமாக இருக்கும் மூத்தவர் குடும்பத்துக்கு மூன்றாம் கட்டு முழுவதும் பின்தெரு வாசலோடு. சாமான் வைக்க வடக்கே ஓர் உள்வீடு. காரைக்குடியில் வேலை பார்க்கும் மகள் வழி வாரிசுக்கு இரண்டாம் கட்டின் தெற்குப் பாதியும் அதை ஒட்டிய இரண்டு உள்வீடுகளும். சந்தில் ஏற்கெனவே உள்ள பக்கவாசல் அவருடைய தலைவாசலாகிறது. திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் வரும் சென்னைக் குடும்பத்துக்கு வடக்கே மீதமுள்ள மூன்று உள்வீடுகளும் இரண்டாம் கட்டின் வடக்குப் பாதியில் சமையலறையும். சிங்கப்பூரிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்குத் தெற்கே ஓர் உள்வீடும் முகப்பின் மேல்மாடிக் கூடமும். எட்டாவது அறை சாமி வீடு; அதுவும், திண்ணை, முகப்பு, வளவு, பட்டாலை, கிணறு ஆகியவையும் பொது.

இதில் நிரந்தரமாக இருப்பவர் இருவருக்கும் வளவைத் தொடாமல் வந்து போகும் வாசல் கிடைத்துவிட்டது. எப்போதாவது வருபவர்கள் பட்டாலையைக் கடந்து சமையலறைக்குப் போக வேண்டியிருக்கும். பத்து நாளைக்கு அது குறையாகத் தெரியாது, பிள்ளைகளுக்கு அதுதான் ஊருக்கு வந்த சுகம். அந்தரங்கம் வேண்டுமென்றால் உள்வீடுகளுக்கிடையே கதவு திறந்து மூன்றையும் ஒரே வரிசையாக்கலாம், ஆனால் அந்தத் திறப்பு மூன்றடிக்கு மேல் போகக் கூடாது; மேலே உத்தரம் உட்காரும் இடமாக இருந்தால் அங்கே திறக்கவே கூடாது.

பகுதிகள் சமமாக இராது என்பதால் சரிக்கட்டும் தொகை ஒன்று வேண்டும். மதிப்பைப் போடுவதற்குப் பழைய முறையே நல்லது: மூத்தவர் பங்கு வைக்க, இளையவர் முதலில் எடுப்பது. எதுவும் தன் கைக்கு வரலாம் என்று தெரிந்தால் பங்கு வைப்பவர் தானாகவே நியாயமாக வைப்பார். அதற்கும் ஒத்துவராத குடும்பங்களில் சாமி முன்னால் திருவுளச் சீட்டுப் போட்டு முடித்துப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டு இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கூரை, பூச்சு, தளம்

பங்கு முடிவானதும் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் டைல்ஸ் ஒட்டத் தொடங்குவார்கள். விடாதீர்கள். முதல் பணம் முழுவதும் கூரைக்குப் போக வேண்டும், கூரைக்கு எல்லாரும் சேர்ந்துதான் போட வேண்டும். ஏனென்றால் சென்னைக்காரர் பகுதிமேல் உடைந்த ஓட்டின் தண்ணீர் கைமரத்தின் வழியே இறங்கிச் சிங்கப்பூர்க்காரர் சுவரில்தான் தலைகாட்டும். தை பிறந்ததும் தொடங்கி ஆனிக்குள் முடிப்பது வசதி. நாட்டு ஓடுகளைப் பிரிக்கும்போது நல்லவற்றைத் தனியே அடுக்கிவைத்து, முற்றத்தைப் பார்த்த சரிவில் பழைய ஓட்டையும், தெரியாத பின்சரிவில் புதிய ஓட்டையும் போடச் சொல்லுங்கள். இரண்டு சரிவுகள் சேரும் மூலைகளில் உள்ள பழைய தகரத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒழுகும் வீடுகளில் பத்துக்கு எட்டில் குற்றவாளி அந்த மூலைதான் என்பது என் அனுபவம்.

மேல்மாடியும் மொட்டைமாடியும் உள்ள இடங்களில் மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும்: தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் குத்தி அடுக்கிய செங்கல், அதன் மேல் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து இடித்த சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. இந்தத் தளத்தின் மேல் குளியலறையோ கழிவறையோ வைக்கக் கூடாது. தளத்துக்குள் கசியும் நீர் கீழே சொட்டுவதற்குப் பல காலம் முன்பே கட்டையின் முனையைச் சுவருக்குள் மக்கச் செய்துவிடும். வெளியே தெரியும்போது கட்டை போயிருக்கும். எனவே மேற்சொன்ன சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு மாடியில் படுக்கை மட்டுமே. குளியலறை கீழே, வீட்டின் பக்கவாட்டுத் திறந்தவெளியில், பழைய சுவரில் சாயாமல் தன் சொந்த அடித்தளத்தில் நிற்கும் தனிக் கட்டடமாக வர வேண்டும். மற்றவர்களுக்கும் இதுவே விதி.

பூச்சு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரிப்பு வேலையில் திரும்பப் பெறவே முடியாமல் அழிவது அதுதான். சுண்ணாம்பு, மணல், கடுக்காய் நீர், கருப்பட்டி எனப் பல அடுக்குகள் ஏற்றி, கடைசி அடுக்கில் நைசாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் நூறு ஆண்டு தாண்டியும் கண்ணாடிபோல் குளிர்ந்து கிடக்கின்றன. புதிய இணைப்புக்காக எலக்ட்ரீஷியன் அதில் கட்டர் வைத்துக் காடி வெட்டினால், பிறகு எந்தப் பட்டிப் பூச்சாலும் அந்தக் கோடு மறையாது. மின்கம்பிகளைச் சுவருக்கு வெளியே, விட்டத்தின் ஓரமாக மரச் சட்டங்களில் கொண்டுபோங்கள். இந்த வீடுகளுக்கு முதன்முதலில் மின்சாரம் வந்தபோதும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்டு வைத்து அடைப்பதும் கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே நிறுத்தி, பக்கத்தில் நல்லபடி இருந்த பூச்சையும் சேர்த்துத் தள்ளும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடி வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். வேலை கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள்? மறுநாளே பூசலாம் என்பவரை மரியாதையாக அனுப்பிவிடலாம்.

தடுப்பு தேவைப்படும் இடத்தில், குறிப்பாக இரண்டாம் கட்டை இரண்டாகப் பிரிக்கும்போது, மரச் சட்டத்தில் கண்ணாடியோ ஜாலியோ பொருத்திய திரை போதுமானது. அது தூணை ஒட்டாமல் இரண்டு தூண்களுக்கு நடுவில் வர வேண்டும். தரையில் ஆணி அடிக்காமல் மேலும் கீழும் ஆப்பு வைத்து இறுக்கினால், நாளைக்கு எடுத்துவிடவும் முடியும். பிளைவுட் வேண்டாம். பர்மாத் தேக்கைத் தொடத் தயங்கும் கரையான் பிளைவுட்டுக்கு விருந்தாளியாக வந்து, பிறகு நிலைக்கதவின் வைரம் பாயாத வெள்ளை மரத்தையும் ருசிபார்க்கும். கதவு, தூண், சன்னல் குறைந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். அவை எல்லாம் இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டின் உறுப்புகள் என்பது ஒரு சங்கடம்தான், ஆனாலும் அளவு பொருந்தும். தரையில் உடைந்த பூக்கற்களுக்கு ஆத்தங்குடியில் பழைய கல்லையே கொண்டுபோய்க் கொடுத்தால், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றி அதே மாதிரி வார்த்துத் தருவார்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது; கழிவறை கழுவும் அமிலம் ஒருமுறை பட்டால் வண்ணம் போய்விடும். ஆகவே அதைக் குளியலறையில் பதிக்க வேண்டாம்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

பெரும்பாலான ஊர்களில் பாதாளச் சாக்கடை இல்லாததால் செப்டிக் டேங்க்தான் வழி. நான்கு குடும்பத்துக்கு நான்கு குழிகள் தோண்டினால் தோட்டம் முழுவதும் குழியாகிவிடும். எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெரிய தொட்டி, அதுவும் திருவிழா நாளில் வீட்டில் 40 பேர் இருப்பார்கள் என்ற கணக்கில். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், ஏறத்தாழ 60 அடி, தள்ளி இருக்க வேண்டும். இடம் குறுகலாக இருந்தால் இந்த ஒரு தூரமே குளியலறைகள் எங்கே வரும் என்பதைத் தீர்மானித்துவிடும். அதனால்தான் பங்கு முடிவாவதற்கு முன்பே கிணற்றிலிருந்து ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிடச் சொல்கிறேன். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் சேரக் கூடாது. முற்றத்து நீர் பழைய வழியில் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகட்டும்.

மின் இணைப்பைத் தனித்தனியே கேட்கும்போது, மின்வாரியத்திலிருந்து நேரில் வந்து, இது உண்மையாகவே தனிக் குடியிருப்புதானா, தனி வாசலும் தனிச் சமையலும் உண்டா என்று பார்ப்பார்கள். பொதுப்பகுதி விளக்குக்கும் கிணற்று மோட்டாருக்கும் தனி மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்; இல்லையென்றால் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்பது பத்து வருடப் பேச்சாகும். சமையலறைகளில் எரிவாயு சிலிண்டரை வெளிச்சுவருக்கு அப்பால் வைத்துக் குழாய் போடுங்கள். மேலே இருப்பது முழுவதும் மரம்.

பத்திரம்

வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய மூன்றும் கைக்கு வந்தபின் முதலில் எண்ண வேண்டியது கையெழுத்துகளை. வீடு ஆண்மக்களுக்கு, சீர் பெண்மக்களுக்கு என்ற பழைய கணக்கு இன்று சட்டத்தின் முன் நிற்காது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டன. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி மகள் கேட்க முடியாது என்றிருந்த அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவும் 2005-இல் நீக்கப்பட்டது. பங்கு வேண்டாம் என்று சொல்லும் சகோதரியிடம் வாய்வார்த்தை போதாது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எழுதும்படி அவரை வற்புறுத்துவது வேறு விஷயம், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர் அங்கே எழுதி அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்தக் கெடு தவறிப்போய் மறுபடி எழுதி வாங்கிய குடும்பங்கள் பல.

பாகப்பிரிவினைப் பத்திரம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியது. அதில் ஒவ்வொருவர் பங்குக்கும் ஒரு ஷெடியூல் (சொத்து விவரப் பட்டியல்) எழுதுவார்கள். பொதுப்பகுதிக்குத் தனி ஷெடியூல் ஒன்று கேட்டு வாங்குங்கள். பொது என்று ஒரு வரியில் முடித்துவிட்ட பத்திரங்கள்தான் பின்னால் வழக்காகின்றன. அந்த ஷெடியூலில் வழிநடைப் பாத்தியம், முற்றத்து நீர் ஓடும் பாத்தியம், கிணற்றுப் பாத்தியம் ஆகியவற்றோடு, நம் மூன்றாவது தாளையும் வரைபடமாக இணைக்க வேண்டும். வளவிலும் பட்டாலையிலும் யாரும் எக்காலத்திலும் நிரந்தரச் சுவர் எழுப்பக் கூடாது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, இறப்பு என எந்த விசேஷத்துக்கும் வளவு எல்லாருக்கும் உண்டு, இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ஒரே நாளில் இருவர் கேட்டால் இறப்புக்கு முதலிடம் என்பது வரை எழுதலாம். படிக்கும்போது விசித்திரமாகத் தெரியும், தேவைப்படும்போது தெரியாது.

யாராவது ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லார் மனத்திலும் உள்ள பயம். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலையைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் குடும்பத்தார் கேட்கலாம். அளந்து பிரித்துப் பத்திரம் பதிந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. எனவே விற்பதானால் முதலில் பங்காளிகளுக்கே சொல்ல வேண்டும், அவர்கள் இத்தனை மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே, வழக்கறிஞரைக் கொண்டு, விலை தீர்மானிக்கும் முறையோடு சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தைப் பொங்கலுக்குள் ஒவ்வொருவரும் கட்ட வேண்டிய தொகை, அதற்கான கூட்டு வங்கிக் கணக்கு, கணக்கு எழுதுவது ஆண்டுக்கு ஒருவர் என்ற முறை ஆகியவை தனி ஒப்பந்தமாக இருக்கட்டும். தொகை மாறிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பத்திரத்தைத் தொடக் கூடாது.

நிலைவாசல் சாவியை மறந்துவிடாதீர்கள். ஒரு சாண் நீளமுள்ள அந்த இரும்புச் சாவி ஒன்றுதான் இருக்கும். அதற்கு நகல் எடுப்பதைவிட, ஊரில் இருப்பவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, நிலைக்கதவின் உட்பக்கம், வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய ஒரு சாதாரண பூட்டுப் போட்டு அதற்கு நான்கு சாவி செய்துகொள்வது எளிது. ஊரில் இருப்பவர் வெளியூர் போனால் சாவி யாரிடம் என்பதையும் எழுதி முகப்பு அலமாரியில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை, வழக்கறிஞர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். வேலை ஆனியில் முடிந்துவிட்டாலும் பத்திரத்தை உடனே பதியாமல், வரைவை மட்டும் எழுதி எல்லாரும் கையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி மழை வரும்வரை பொறுத்திருங்கள். நல்ல மழை கொட்டும் ஒரு நாளில் பங்குக்கு ஒருவராவது வீட்டில் இருந்து, எந்த மூலையில் ஒழுகுகிறது, முற்றத்து நீர் எத்தனை நிமிடத்தில் வடிகிறது, யார் பகுதித் தரைக்கடியில் சத்தம் கேட்கிறது என்று பார்த்து, மூன்றாவது தாளில் திருத்த வேண்டியதைத் திருத்தி, அந்தத் தாளில் எல்லாரும் கையெழுத்திட்ட பிறகு பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.